மெட்டல் இசையும் மெதுவான பயிற்சியும்



நம் பிள்ளைகளில் சிலர் 'மெட்டல்' இசையின்மீது பேரார்வம் கொண்டிருக்கின்றனர். அவ்விசையில் 'டிரம்ஸ்' வாசிப்போரின் கைகால் விரைவு பார்ப்பவரை மலைக்க வைக்கும். அந்த விரைவைத் தாமும் அடைந்துவிட வேண்டும் என்று பதின்ம வயதினர் மணிக்கணக்காக வாசிக்கின்றனர். பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். 'இஃது என்ன இரைச்சல்!' என்று தடை போடுகின்றனர். அல்லது 'இவ்வளவு பணம் கட்டினோமே, எப்போது மேடையேறப் போகிறாய்?' என்று விரட்டுகின்றனர். இவ்விரண்டாலும் பிள்ளைக்குப் பயனில்லை. விரைவை விரும்பும் பிள்ளைக்கு மெதுவாகப் பயில்வதற்கான காலத்தையும் அமைதியையும் கொடுப்பதே நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி என்பது என் கருத்து.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்வு ஒன்றுண்டு. அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவரின் தாயாரைச் சந்தித்தேன். படிவம் மூன்றில் பயிலும் அவருடைய மகன், இணையத்தில் கண்ட காணொளிகளோடு போட்டி போட்டுக்கொண்டு நாள்தோறும் மூன்று மணி நேரம் வாசித்திருக்கிறான். வலித்தபோதும் நிறுத்தவில்லை. இப்பொழுது வலக்கை மணிக்கட்டு வீங்கி, மருத்துவர் சில வாரங்கள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். தந்தையார் டிரம்ஸையே விற்றுவிட முடிவு செய்துவிட்டார். "நீங்கள் சொன்னால் கேட்பான் ஐயா. இது வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்" என்றார் அந்தத் தாயார். நான் அப்படிச் சொல்ல மறுத்துவிட்டேன். அதற்கான காரணங்களை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

விரைவின் கணக்கு

இசையின் விரைவை ஒரு நிமிடத்தில் எத்தனை தாளத் துடிப்புகள் என்று கணக்கிடுவர். நிமிடத்திற்கு 200 துடிப்புகள் ஓடும் ஒரு மெட்டல் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்பையும் நான்காகப் பகுத்து, இரட்டை மிதியை இரு கால்களாலும் மாறி மாறி மிதித்தால் நிமிடத்திற்கு 800 அடிகள் ஆகின்றன. அதாவது ஒரு காலுக்கு 400. நொடிக்கு ஏறத்தாழ ஏழு. இதனைச் சில நிமிடங்கள் தளராமல் செய்ய வேண்டும். இதே பகுப்பை 120 துடிப்பில் வாசித்தால் ஒரு காலுக்கு நொடிக்கு நான்கு அடிகள்தாம்.

நான்கிலிருந்து ஏழுக்குச் செல்வது வெறும் முயற்சியால் ஆவதன்று. உடலின் இயக்கமே மாற வேண்டும். மெதுவான வாசிப்பில் தொடை முழுவதும் எழுந்து தாழும். விரைவு கூடக் கூட அந்தப் பெரிய அசைவு ஈடுகொடுக்காது. கணுக்காலின் சிறிய அசைவு முன்னுக்கு வரும். கைகளுக்கும் இதுவே பொருந்தும். குச்சி தோலில் பட்டுத் தானாகவே எகிறுகிறது. அந்த எகிறலைத் தடுக்காமல் விரல்களால் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவன் பாதி உழைப்பில் வாசிக்கிறான். தெரியாதவன் குச்சியை இறுக்கிப் பிடித்து ஒவ்வோர் அடியையும் தோள்வலிமையால் அடிக்கிறான். கையை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகி ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. முன்கை கல்லாகிறது, தாளம் தடுமாறுகிறது, பிறகு வலி வருகிறது.

இறுக்கம் இல்லாத பிடியை முழு விரைவில் கற்க முடியாது. எங்கே இறுகுகிறது என்று தானே உணரும் அளவுக்கு மெதுவாக வாசித்தால்தான் அதைக் கற்க முடியும். அமெரிக்கரான ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்டிக் கண்ட்ரோல்' என்னும் பயிற்சி நூல் இன்றும் டிரம்ஸ் மாணவர்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியையும் நிறுத்தாமல் 20 முறை வாசித்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்பது அந்நூலின் விதி. மெட்டல் இசை பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விதி, மெட்டல் வாசிப்போருக்கும் இன்று பொருந்துகிறது.

விரைவு வேறு, தாக்குப்பிடித்தல் வேறு

பிள்ளைகள் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கின்றனர். தாக்குப்பிடிக்கும் ஆற்றல் வேண்டுமாயின், களைப்பின்றி வாசிக்கக்கூடிய விரைவில் ஐந்து, பத்து நிமிடங்கள் தொடர்ந்து வாசிக்க வேண்டும். 'மெட்ரோனோம்' என்னும் தாளங்காட்டியை வைத்துக்கொண்டு, உடல் தளர்வாக இருந்தால் மட்டும் இரண்டு அல்லது நான்கு துடிப்புகள் கூட்டலாம். இறுக்கம் வந்தால் மீண்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உச்ச விரைவு வேண்டுமாயின் பயிற்சி வேறு. ஐந்து முதல் பத்து நொடிகள் விரைந்து வாசித்துவிட்டு, கைகால்கள் முழுமையாக ஆறும்வரை ஓய்வெடுக்க வேண்டும். மெதுவாக மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தாலும் விரைவு வாராது. ஆனால், அந்தச் சிறு பாய்ச்சலைத் தாங்கும் தளர்ச்சியை மெதுவான பயிற்சியே தருகிறது. உச்ச விரைவிலேயே ஒரு மணி நேரம் போராடுவது இவ்விரண்டில் எதையும் வளர்க்காது. காயத்தை மட்டுமே வளர்க்கும். மேலும், புதிதாகக் கற்ற அசைவுகளை மூளை உறக்கத்தின்போது உறுதிப்படுத்திக்கொள்கிறது. ஆகவே நாள்தோறும் 30 நிமிடம் பயில்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் பயில்வதைவிட மேலானது.

காணொளியோடு ஒப்பிடலாமா?

ஸ்லேயர் குழுவின் 'ரெயின் இன் பிளட்' தொகுப்பு 1986-இல் வெளிவந்தது. பத்துப் பாடல்கள், மொத்தமே 29 நிமிடங்கள்தாம். அதில் டேவ் லொம்பார்டோ வாசித்த விரைவு ஒரு தலைமுறையையே டிரம்ஸின் பக்கம் இழுத்தது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் நேப்பாம் டெத் குழு 'ஸ்கம்' தொகுப்பை வெளியிட்டது. அதில் வாசித்த மிக் ஹாரிஸ் என்பவரே 'பிளாஸ்ட் பீட்' என்ற பெயரைப் பரப்பியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அதன்பின் ஒலிப்பதிவு நுட்பம் மாறிவிட்டது. இன்றைய மெட்டல் பதிவுகள் பலவற்றில், பிசகிய அடிகளைக் கணினியில் நகர்த்தித் தாளத்தோடு பொருத்துகின்றனர். வலிமை குறைந்த அடிக்குப் பதிலாக முன்பே பதிந்த ஒலியைச் சேர்க்கின்றனர். இது தொழிலின் நடைமுறை. ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. ஆனால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதனை யாரும் சொல்வதில்லை. திருத்தி மெருகேற்றிய ஒலியோடு தன் வெறுங்கையை ஒப்பிட்டு, 'எனக்கு வரவில்லையே' என்று அவன் தன்னையே வருத்திக்கொள்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் தேர்வு முடிவைக் காட்டி நம் பிள்ளையை நொந்துகொள்ளும் நமக்கு, இந்த ஒப்பீட்டின் கொடுமை புரியாதது அன்று.

நமக்கு அந்நியமான பாடமன்று

மிருதங்கம் பயிலும் மாணவனை ஆசிரியர் எடுத்த எடுப்பில் விரைந்து வாசிக்க விடுவதில்லை. முதற்காலத்தில் ஒரு பாடம் அமைந்த பிறகே இரண்டாங்காலம். அங்கே தாளம் மாறாமல் சொற்கள் இருமடங்காகும். பிறகு மூன்றாங்காலம், அங்கே நான்கு மடங்கு. முதற்காலம் தள்ளாடினால் மூன்றாங்காலம் சிதறிப்போகும் என்பது நம் இசையாசிரியர்கள் நன்கு அறிந்த உண்மை. மெட்டல் டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியது இதுவே.

மெட்டல் என்றாலே தீய பழக்கம் என்று அஞ்சுவோரும் உளர். 2001-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 'பிளாக் மெட்டல்' குறித்து எழுந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அண்டை நாடான சிங்கப்பூரில் 1992-இல் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய 'ருத்ரா' குழு, இதே முரட்டு இசையில் வேதாந்தக் கருத்துகளைப் பாடியது. பிள்ளை கேட்கும் பாடல்களின் பொருளை அவனிடமே கேட்டு அறிந்துகொள்வோம். கேட்காமலேயே தீர்ப்பு வழங்க வேண்டா.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. களைப்பையும் வலியையும் பிரித்தறியப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். களைப்பு ஓய்வில் நீங்கும். குத்தும் வலி, மரத்துப்போதல், விரல்களில் கூச்சம் ஆகியவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2. செவியைக் காத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரையறுக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடமே. சிறிய அறையில் டிரம்ஸ் ஒலி இதனை எளிதில் தாண்டும். காதடைப்பான் இன்றி வாசிக்க விடாதீர்கள். இழந்த செவிப்புலன் திரும்பி வாராது.

3. ரப்பர் பயிற்சித் தட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வாராது. குச்சியின் எகிறலைப் பழகவும் அது போதுமானது.

4. 'எவ்வளவு விரைவு?' என்று கேட்காதீர்கள். 'இன்று எவ்வளவு நேரம் கை இறுகாமல் வாசித்தாய்?' என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் எந்நேரமும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் மாணவனை நாம் அடிக்கடி கண்டிக்கிறோம். கண்டிக்கத்தான் வேண்டும், பாடம் நடக்க வேண்டும் அல்லவா? ஆனால், இரண்டு துடிப்புகளைக் கூட்டுவதற்காக ஒரு வாரம் ஒரே பயிற்சியைச் செய்யக் கற்றவனுக்குப் பிழை திருத்தவும், மீண்டும் எழுதவும், காத்திருக்கவும் தெரிந்திருக்கிறது. நாம் ஆறாண்டுகளாகக் கற்பிக்க முயல்வதும் அதனைத்தானே? அந்தப் பொறுமையை அவன் எந்த வாயிலில் பெற்றாலும் வரவேற்போம். டிரம்ஸை விற்றுவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் நிம்மதியாக உறங்குவார்; பிள்ளைக்கோ பாதியில் கைவிடுவது ஒன்றே பாடமாக நிற்கும்.

உங்கள் இல்லத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். உங்கள் பட்டறிவை மறுமொழியில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருப்பினும் தயங்காமல் எழுதுங்கள். கலந்து பேசுவோம்.