கதிரவனின் சீற்றம்

"சூரியனை ஆராய இத்தனை பணமா?" என்று கேட்போருக்கு நாங்கள் கியூபெக்கைக் காட்டுவோம். 1989 மார்ச் 13 அதிகாலை. சூரியன் வீசியெறிந்த மின்துகள் கூட்டம் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கிற்று. அதனால் தரையில் எழுந்த மின்னோட்டம், மின்சாரத்தை எளிதில் கடத்தாத அந்தக் கனடிய மாகாணத்துப் பாறையை விட்டு, நீண்ட மின்கம்பிகளில் புகுந்தது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் மின் அமைப்பே சாய்ந்தது. 60 லட்சம் மக்கள், 9 மணி நேரம், கடுங்குளிர். (ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றாலே நாங்கள் படும் பாடு!)

இத்தகைய புயல் பூமியை வந்தடையப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களாகும். முன்னறிந்தால் மின்பளுவைக் குறைக்கலாம், செயற்கைக்கோள்களைக் காக்கலாம். அதற்குத்தான் 2023-இல் ஆதித்யா எல்-1 ஏவப்பட்டது. கொடைக்கானல் மலையிலோ, நூறாண்டுக்கு முன்பே சூரியனைப் படமெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.