வெள்ளைப் பலகைக் காரும் வெற்றுக் காசோலையும்

சொந்தக் கார் இல்லாத குடும்பங்கள், ஓட்டுநர் இல்லாமல் கார் மட்டும் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிச் செல்லும் வழக்கம் தமிழகத்தின் சிறு நகரங்கள் வரை பரவிவிட்டது. இப்படிக் கைமாறும் கார்களில் பல, வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராத தனிநபர் வாகனங்கள். அவற்றை நாடுவோரில் பலர் கடன் அட்டை இல்லாதவர்கள், பெரிய முன்பணம் கட்ட இயலாதவர்கள். விபத்து நேர்ந்தால் இழப்பின் பெரும் பங்கு அவர்கள் தலையில் விழுகிறது. அதிகாரிகள் அறியாமல் இது நடக்கவில்லை. பார்த்துக்கொண்டே அனுமதிக்கப்படும் ஆபத்து இது.

தேவை உண்மையானது. பல குலதெய்வக் கோயில்கள் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கின்றன. காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் முதியவர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பொங்கல், தீபாவளி நாட்களில் ஆம்னி பேருந்துக் கட்டணம் ஏறும்போது, ஐந்து பேருக்கான டிக்கெட்டைவிடக் காரின் இரண்டு நாள் வாடகை குறைவாக வருவதும் உண்டு. ஓட்டுநரோடு எடுத்தால் பேட்டா, அவருக்குத் தங்குமிடம் என்று செலவு கூடும். ஓட்டத் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கும்போது கார் மட்டும் எடுப்பது சிக்கனம் என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் பிழையில்லை.

இதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தாமே ஓட்டிச் செல்ல விரும்புவோருக்கு வாகனம் வாடகைக்கு விடுவதை முறைப்படுத்துகிறது. அதன்கீழ் 1989இல் ‘ரென்ட் எ கேப்’ திட்டம் வந்தது. உரிமம் பெற்றவர் மட்டுமே இத்தொழிலை நடத்தலாம். இந்தக் கார்களுக்குக் கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. சட்டத்துக்கு உட்பட்ட கார் எது, உட்படாத கார் எது என்பது சாலையில் நிற்கும் எவருக்கும் பார்த்தவுடன் தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும்.

சட்டபூர்வமான வாசலில் நுழையப் பணம் வேண்டும், அல்லது பணத்துக்கு ஈடான நம்பகம் வேண்டும். வாடகையோடு திருப்பித் தரத்தக்க முன்பணம் கேட்கப்படும். கடன் அட்டை உள்ளவருக்கு அது அட்டை வரம்பில் சில நாள் நிறுத்திவைக்கப்படும் தொகை. கையிலிருந்து எதுவும் போவதில்லை. அட்டை இல்லாதவருக்கு அது பயணத்துக்கென்று சேர்த்த பணம். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது கணக்குக்கு வந்துசேர நாளாகும். தினக்கூலி பெறுபவர், தள்ளுவண்டி வைத்திருப்பவர், ரொக்கத்தில் வரவுசெலவு செய்யும் சிறு வியாபாரி ஆகியோரில் பலருக்குக் கடன் மதிப்பெண்ணே கிடையாது. வாங்கிய கடனைக் கட்டத் தவறியவரும் கடனே வாங்காதவரும் இந்த வாசலில் ஒன்றாகவே நிறுத்தப்படுகிறார்கள்.

அடுத்த வாசல் வாட்ஸ்அப்பில் திறந்திருக்கிறது. அங்கே அட்டை கேட்பதில்லை, மதிப்பெண் கேட்பதில்லை. முன்பணமும் குறைவு. பணத்துக்குப் பதிலாக ஆவணம் கேட்கிறார்கள். அசல் ஆதார் அட்டை, இருசக்கர வாகனமும் அதன் ஆர்.சி. புத்தகமும், சில இடங்களில் கடவுச்சீட்டு, சில இடங்களில் தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை. கடவுச்சீட்டு மத்திய அரசின் உடைமை என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைப் பிணையாகக் கொடுப்பதும் வாங்குவதும் தவறு. அதைவிடக் கொடியது வெற்றுக் காசோலை. யாரோ எழுதும் தொகைக்குக் காசோலை திரும்பினால், கையெழுத்திட்டவர் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் வழக்கைச் சந்திக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும், அதற்குரிய தண்டனை. இரண்டு நாள் வாடகைக்கு இந்த ஈடு கேட்கப்படுகிறது; கொடுக்கவும்படுகிறது.

முன்பணத்துக்காகக் கைப்பேசிச் செயலியில் உடனடிக் கடன் எடுப்போரும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு மொத்தச் செலவு எத்தனை சதவீதம் என்பதைக் கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும், பணம் அவர் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. விதியை மீறும் செயலிகளில் சிக்குபவர், பயணம் முடிந்து மாதக்கணக்கில் தவணை கட்டுகிறார்.

இவை எல்லாம் பயணம் நல்லபடியாக முடிந்தால் வரும் தொல்லைகள். முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் வாடகைக்கு எடுப்பவரிடம் யாரும் சொல்வதில்லை. தனிநபர் காரின் காப்பீடு சொந்த உபயோகத்துக்கு மட்டும் தரப்படுவது. வாடகைக்கு ஓட்ட பெர்மிட் இல்லாத வாகனம் வாடகைக்கு ஓடியிருந்தால், பொறுப்பை மறுக்கக் காப்பீட்டாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு இடம் தருகிறது. கார் நொறுங்கினால் பழுதுச் செலவு கிடைக்காமல் போகலாம். எதிரே வந்தவர் இறந்தால், இழப்பீட்டைக் காப்பீட்டாளர் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. ஒவ்வொரு வழக்கிலும் அப்படி நடக்கும் என்று உறுதியில்லை. உரிமையாளரிடம் வசூல் வரும்போது, அவர் கையில் இருப்பது வாடகைக்கு எடுத்தவரின் கையெழுத்திட்ட காசோலை. ஓட்டியவர் என்ற முறையில் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர்மேல் தனியாக இருக்கிறது.

ஓட்டியவரே இறந்தால் நிலைமை இன்னும் மோசம். காரோடு கட்டாயமாக எடுக்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவுபெற்ற உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும் உரியது. வாடகைக்கு எடுத்து ஓட்டியவரின் மனைவி மக்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அவர் சேமித்தது வாடகையில் சில நூறு ரூபாய். அவர் குடும்பம் இழப்பது சம்பாதித்த ஒருவரையும், அவர் பெயரில் வரக்கூடிய தொகையையும்.

வண்டியின் நிலையும் கேள்விக்குரியது. வாடகைக்கு ஓடும் வாகனம் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பிரேக், டயர், ஸ்டீயரிங் எல்லாம் அப்போது பார்க்கப்படும். தனிநபர் காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை இந்தப் பரிசோதனை இல்லை. குடும்பம் ஒன்று மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓட்டும் என்று கருதி வகுத்த விதி அது. வாரம் ஒரு கை மாறி, ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் பழக்கமில்லாதவர்கள் இறக்கும் காருக்கும் இன்று அதே விதிதான். முன்பு அந்த வண்டியை எடுத்தவர் பிரேக்கை எப்படித் தேய்த்தார் என்பது அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது.

இந்தக் கார்களோடு ஓர் அறிவுரையும் கூடவே கொடுக்கப்படுகிறது. போலீஸ் நிறுத்திக் கேட்டால் நண்பர் வண்டி என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்யைச் சொல்பவர், அதுவரை ஏமாந்தவராக இருந்தவர், அந்த நிமிடம் முதல் உடந்தையாகிறார். விபத்துக்குப் பின் காப்பீட்டு விசாரணையில் அதே பொய் அவருக்கு எதிராகவே திரும்பும்.

உரிமையாளர்கள் எல்லோரையும் குற்றவாளிகளாக்க இந்த ஏடு விரும்பவில்லை. அவர்களில் பலர் தவணையில் கார் வாங்கி, தவணையை அடைக்க அதை இடைத்தரகரிடம் மாத வாடகைக்கு விட்டவர்கள். வாடகைக்குப் போன கார் அடகுக்குப் போய், வேறு மாவட்டத்தில் பிடிபட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர்கள் ஈடு கேட்பது அச்சத்தால். அச்சம் நியாயமானது, கேட்கும் ஈடு நியாயமற்றது. சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாக இருந்தால் அவர்களுக்கும் காப்பீடு இருக்கும், ஒப்பந்தம் இருக்கும், காவல் நிலையத்தில் நேராகப் போய்ப் புகார் தர முடியும்.

முன்பணம் திரும்பாத பிரச்சினை தனியாகப் பேச வேண்டியது. வண்டியை ஒப்படைக்கும்போது பம்பரில் ஒரு கீறல் காட்டப்படும். அது முன்பே இருந்ததா என்பதற்குப் பதிவில்லை. டிங்கரிங் செலவு என்று ஒரு தொகை, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை என்று இன்னொரு தொகை, வேகம் தாண்டியதற்கு அபராதம் என்று மற்றொன்று. அளவுக்கு மீறிய முன்பணம் கேட்பதையும், இழப்புக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகப் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய முறையீட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்காகத் தேனியில் இருப்பவர் அங்கே போவாரா? சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லாமல் மனுச் செய்யும் வழி இருக்கிறது. அதற்கும் ரசீது வேண்டும், எதிர்மனுதாரரின் பெயரும் முகவரியும் வேண்டும். வாட்ஸ்அப் எண்ணுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

இந்த நிழல் தொழில் வளர்ந்ததற்கு முதல் காரணம், 1989ஆம் ஆண்டுத் திட்டமே. உரிமம் பெறக் குறைந்தது 50 கார்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. பெருநகரத்தில் முதலீடு உள்ளவருக்கு அது இயலும். கரூரிலோ சிவகாசியிலோ நான்கு கார் வைத்திருப்பவருக்குச் சட்டபூர்வமாகத் தொழில் செய்ய வழியே இல்லை. அவரிடம் கார் எடுப்பவருக்கும் சட்டபூர்வமாக எடுக்க வழியில்லை. பெரிய நகரத்துப் பெரிய நிறுவனம், அல்லது சட்டத்துக்கு வெளியே ஒரு சிறிய ஆள் என்ற இரண்டே தேர்வுகளைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. வசதி குறைந்தவர் இரண்டாவதைத் தேர்ந்தார் என்று அவரைக் குறை சொல்வது முறையாகாது.

இரண்டாவது காரணம், இருக்கும் சட்டமும் செயல்படாதது. பெர்மிட் இல்லாமல் வாகனத்தை வாடகைக்கு ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நடவடிக்கை, வாடகை வண்டி ஓட்டுநர்கள் திரண்டு புகார் செய்யும் நாட்களில் சூடு பிடித்து, பிறகு அடங்கிவிடுகிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஒவ்வொரு வெளியூர்க் காரும் இ-பாஸ் எடுத்தே மலையேறுகிறது. ஒரே வெள்ளைப் பலகைக் கார் வாரந்தோறும் வெவ்வேறு கைப்பேசி எண்ணில் பாஸ் எடுப்பதைக் கண்டுபிடிக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். பதிவு ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். ஐம்பது கார் என்ற வரம்பைக் குறைப்பது மத்திய அரசின் பொறுப்பு. சிறு உரிமையாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே உரிமம் பெறவும் இடம் தர வேண்டும். இதைச் செய்யாமல் சோதனையை மட்டும் கடுமையாக்கினால், வாடகை ஏறும், ஈடு ஏறும், தொழில் இன்னும் இருட்டுக்குள் போகும். வழி திறந்த பிறகு வெள்ளைப் பலகை வாடகையைத் தயவின்றி நிறுத்துவது மாநிலப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டையும் இந்த வரிசையில் செய்ய வேண்டும்.

உரிமத்தோடு நிபந்தனைகளும் வர வேண்டும். முன்பணத்துக்கு உச்சவரம்பு வேண்டும்; நாள் வாடகையை ஒட்டி அது அமையட்டும். வண்டி திரும்பிய பின் எத்தனை நாளில் பணம் திரும்ப வேண்டும் என்பது விதியில் இருக்க வேண்டும். கார் கைமாறும்போதும் திரும்பும்போதும் இருவரும் சேர்ந்து எடுத்த படப் பதிவு இல்லாமல் கீறலுக்கு ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். அசல் அடையாள ஆவணத்தையும் தொகை எழுதாத காசோலையையும் ஈடாகப் பெறுவது உரிமத்தை இழக்கச் செய்யும் குற்றமாக வேண்டும். கடன் அட்டை இல்லாதவரிடம் யு.பி.ஐ. வழியாகவோ, இருவர் உத்தரவாதத்தின் பேரிலோ ஈடு பெறும் முறையை உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

காவல் நிலையங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெற்றுக் காசோலையைக் காட்டி மிரட்டுவதாகப் புகார் வந்தால், பணத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்புவது கடமை தவறுவது. காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் அமைப்பும் ஒதுங்கி நிற்க முடியாது. வாடகைக்கு விட்டால் இந்தப் பாதுகாப்பு நிற்காது என்ற ஒரு வரி, பொடி எழுத்தில் புதைக்கப்படாமல், பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் இருக்க வேண்டும். குறுகிய கால வாடகைக்கு ஓட்டுபவரையும் சேர்த்துக் காக்கும் காப்பீட்டைக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுவர வேண்டும். சாலையில் அடிபட்டவருக்கு, வண்டி எந்தப் பலகையில் ஓடியது என்று பாராமல், முதலில் இழப்பீடு போய்ச் சேர வேண்டும். யாரிடமிருந்து வசூலிப்பது என்ற வழக்கு அதன் பிறகு நடக்கட்டும்.

ஆயுத பூஜையும் தீபாவளியும் ஒவ்வோர் ஆண்டும் குறித்த காலத்தில் வருகின்றன. அந்த வாரங்களில் இந்தக் கார்கள் எல்லாமே சாலையில் இருக்கும் என்பதும் நிர்வாகத்துக்கு முன்பே தெரியும். திட்டத்தைத் திருத்தக் காலம் பிடிக்கலாம். அசல் ஆவணங்களையும் வெற்றுக் காசோலைகளையும் ஈடாகப் பெறத் தடை விதிக்கும் ஆணைக்கு அத்தனை காலம் தேவையில்லை. அடுத்த விடுமுறைக் கூட்டம் சாலைக்கு வருமுன் அந்த ஆணை வெளியாக வேண்டும்.