வண்டி பழையதா, பாட்டரி பழையதா?

மின்சாரக் காருக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது? பாட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே வண்டியை ஓட்டுவதா, அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிய வண்டி வாங்குவதா? சைக்கிளுக்கே பூட்டு வாங்கக் காசில்லாத விடுதி மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஊரிலிருந்து பேசும் அப்பாவும், தில்லியில் வேலையிலிருக்கும் உறவினரும் நம்மைத்தானே கேட்கிறார்கள்? "நீதான் என்ஜினீயரிங் படிக்கிறாயே, சொல்லேன்" என்றால் விழித்துக்கொண்டு நிற்கலாமா? அதுமட்டுமன்று. இன்று பிறர் புதிதாக வாங்கி ஓட்டும் மின்சாரக் கார்களை நாளை இரண்டாம் கையாக வாங்கப் போகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம். ஆகவே இது நம் கேள்வியே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் கெடாத வண்டிக்குப் பாட்டரியை மாற்றுவதே முறை. ஆனால் நம் நாட்டில் அந்த முறையான வழியில் முள்ளைப் போட்டு வைத்துவிட்டு, புதிய வண்டிக்குப் போகும் வழியில் மட்டும் கம்பளம் விரித்திருக்கிறார்கள்.

பெட்ரோல் என்ஜின் கிழமாகும்போது புகைகிறது, இருமுகிறது, எண்ணெய் குடிக்கிறது. பாட்டரியின் முதுமை வேறு வகை. அதன் வயிறு சுருங்குகிறது, அவ்வளவே. லித்தியம் அயனி பாட்டரிக்குள் கரியாலான மின்முனையின்மேல் நாளடைவில் ஒரு மெல்லிய படலம் படிகிறது. முனைக்கு முனை ஓடித் திரிய வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி அதில் சிறைப்பட்டுப் போகிறது. வெப்பம் மிகுந்தால் படலம் தடிக்கும் வேகமும் மிகும். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் லீப் காரில் 24 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பாட்டரி இருந்தது. அதைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் அவ்வண்டிகளின் பாட்டரிகள் இரண்டே ஆண்டுகளில் இளைத்துப்போய், 2012-இல் பெரிய கூக்குரல் எழுந்தது. தில்லியின் மே மாதத்தை அறிந்த நமக்கு அந்தக் கூக்குரல் புரியாமலா போகும்?

ஆனால் இளைத்தது என்பதும் பயனற்றது என்பதும் ஒன்றல்ல. 2020 சனவரியில் வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். பாட்டரி 30.2 யூனிட். சான்றிதழில் 312 கிலோமீட்டர் என்றிருந்தாலும் சாலையில் ஏறத்தாழ 200 ஓடும் எனக் கொள்ளலாம். பாட்டரி நூற்றுக்கு எழுபதாகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்; அப்போதும் 140 கிலோமீட்டர் போகும். துவாரகையிலிருந்து கன்னாட் பிளேசுக்குப் போய்த் திரும்பினால் ஐம்பதுகூட ஆகாது. 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவா கார், ஈயப் பாட்டரியுடன், புத்தம் புதிதாக இருக்கும்போதே ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்தான் என்றார்கள். ஆக இந்தக் கிழவன் அந்த வாலிபனைவிட அதிகம் ஓடுகிறான்! நம் அன்றாடத் தேவைக்குக் குறைவாக எப்போது போகிறதோ அப்போதுதான் பாட்டரி பழையது. கணக்குப் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்து வண்டியைத் தள்ளுவதை என்னவென்று சொல்வது?

என் சித்தப்பா தில்லியில் குடியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் சிறிய மின்சாரக் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். போன சனவரியில் என்னை அழைத்து, "டேய் தம்பி, வண்டி பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறதடா. பணிமனையில் கேட்டால் முழுப் பாட்டரியையும் மாற்ற வேண்டும் என்கிறான். அவன் சொன்ன தொகைக்கு இந்த வண்டி போல இன்னொன்றே வாங்கலாம்" என்றார். "அவசரப்படாதீர்கள் சித்தப்பா, மார்ச் வரட்டும்" என்றேன். படித்த திமிரில் சொன்னதல்ல. குளிரில் எந்த லித்தியம் பாட்டரியும் சுணங்கும், வெப்பம் வந்ததும் ஒரு பங்கு தானே திரும்பும். சனவரியில் தில்லிப் பாட்டரியைச் சோதிப்பது, சளிப் பிடித்திருக்கும் பாடகனைச் சபையில் ஏற்றித் தீர்ப்புச் சொல்வது போன்றது. இடையில் டயர்களில் காற்றுக் குறைந்திருப்பதையும், பின் சக்கரம் ஒன்றில் பிரேக் உரசிக்கொண்டே இருப்பதையும் சரிசெய்தோம். மார்ச்சில் இழந்ததில் ஒரு பகுதி திரும்பியது, மீதி திரும்பவில்லை. பிறகுதான் செல்களை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கக்கூடிய சிறிய பட்டறை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். பார்த்தால், பெரும்பாலான செல்கள் நல்ல நிலையில் இருந்தன, நாலைந்துதான் நலிந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றினார்கள். புதுப் பாட்டரிக்குச் சொன்ன விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் ஊடேயும் போக வேண்டும். அவற்றுள் மிகவும் நலிந்த ஒன்று காலியானவுடனே, பாட்டரியைக் காவல் காக்கும் மின்னணுப் பலகை முழு ஓட்டத்தையும் நிறுத்திவிடும்; மற்ற செல்களில் சரக்கு மிச்சம் இருந்தாலும் அது நமக்குக் கிட்டாது. நாலு பேருக்காக ஊரையே காலி செய்யச் சொல்வதுதான் "முழுப் பாட்டரியையும் மாற்று" என்பது. சில சமயம் அந்த நாலு பேர்கூடக் குற்றவாளிகள் அல்லர். பெரிய பாட்டரி நன்றாக இருக்க, விளக்குக்கும் பூட்டுக்கும் மின்னணுப் பலகைகளுக்கும் மின்சாரம் தரும் 12 வோல்ட் சிறு பாட்டரி செத்துப்போனால் வண்டி அசையாது. சில ஆயிரம் ரூபாயில் தீரும் அந்த நோயைக் கண்டு, "மின்சார வண்டியே ஆகாது" என்று சபித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சித்தப்பாவின் வண்டி தாழ்ந்த வோல்ட்டில் ஓடுவது. இன்றைய கார்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டம் இருக்கிறது. தொட்டால் உயிர் போகும். சோதனைச் சாலையில் இரண்டு மதிப்பெண் கூட வாங்கிய துணிவில் எவரும் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட வேண்டாம்.

இனி முள்ளைப் பற்றிச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டு முதல் புதிய மின்சார வண்டிக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5. நல்லது, வரவேற்போம். ஆனால் அதே வண்டிக்கு மாற்றுப் பாட்டரி தனியாக வாங்கினால் லித்தியம் அயனி பாட்டரிக்கு வரி நூற்றுக்கு 18! பாட்டரி புதுக் காரின் வயிற்றில் உட்கார்ந்து வந்தால் ஐந்து. பழைய காரைப் பிழைக்க வைக்கத் தனியே வந்தால் பதினெட்டு. மூன்று லட்ச ரூபாய்ப் பாட்டரிக்கு இந்த வேறுபாடு மட்டும் 39,000 ரூபாய். 2024 டிசம்பரில் கூடிய வரிக் குழு இன்னொன்றும் செய்தது: பழைய மின்சாரக் காரை வியாபாரி வாங்கி விற்றால் அவனுடைய இலாபத்தின்மேல் வரி 12-லிருந்து 18 ஆயிற்று. புகையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் அதே வாய், இருக்கும் வண்டியைக் காப்பாற்றாதே, புதிது வாங்கு என்றும் சொல்கிறது. பாட்டரி செய்வதிலும் புகை உண்டு, இரும்பு உருக்குவதிலும் உண்டு; பாட்டரியை மட்டும் மாற்றினால் இரும்பின் புகையாவது மிஞ்சும் அன்றோ?

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது வேறொன்று. பெட்ரோல் கார் நம் நாட்டில் ஓர் ஏணியில் இறங்கி வந்தது. டாக்டர் வாங்கினார், பிறகு ஆசிரியர் வாங்கினார், பிறகு டாக்சிக்காரர் வாங்கினார், கடைசியில் மெக்கானிக்கே வாங்கித் தன் மகளின் கல்யாணத்துக்கு ஓட்டினார். ஒவ்வொரு படியிலும் காஷ்மீரி கேட்டிலோ புதுப்பேட்டையிலோ உதிரிப் பாகம் கிடைத்தது. அந்த உதிரிப் பாகமே ஏழையின் கார். மின்சாரக் காருக்கு அந்த ஏணி உண்டா? 2020-இல் விற்ற வண்டிகளுக்குப் பாட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். முதல் வண்டிகளுக்கு 2028 சனவரியில் அது முடிகிறது. அதன்பின் அவற்றை வாங்குகிறவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர். அவர் கையில் இருக்கும்போதுதான் பாட்டரி கேள்வி வரும். முதலாளி சுகமாக ஓட்டினார். விலை கேட்டு மயங்கி விழப்போவது இரண்டாம் கைக்காரர். பாட்டரிக்கு வழியில்லையென்றால் அவர் வாங்கியது காரன்று, கதவு நாலு உள்ள இரும்புப் பெட்டி.

செய்ய முடியாத காரியத்தையா கேட்கிறோம்? அரிசோனாக் கூக்குரலுக்குப் பிறகு 2014-இல் நிஸ்ஸான் கம்பெனி லீப் காரின் மாற்றுப் பாட்டரிக்கு அமெரிக்காவில் விலை அறிவித்தது: பழையதைத் திருப்பித் தந்தால் 5,499 டாலர். 2018 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா மாநிலத்து நாமியே ஊரில், பழைய லீப் பாட்டரிகளைப் புதுப்பிக்கும் தொழிற்சாலை திறந்தார்கள். ஒவ்வொரு பாட்டரியிலும் உள்ள 48 கட்டுகளையும் அளந்து, நல்லவற்றைச் சேர்த்துக் கட்டி, புதியது 6,50,000 யென் விற்றபோது புதுப்பித்ததை 3,00,000 யென்னுக்குத் தந்தார்கள். மிகவும் நலிந்த கட்டுகள் ஓட்டத்துக்கு ஆகாவிட்டாலும் ஓய்வாக மின்சாரம் சேமிக்க உதவும். பாட்டரியின் விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது: 2010-இல் யூனிட் ஒன்றுக்கு உலகச் சராசரி ஆயிரம் டாலருக்கு மேல், 2024-இல் 115 டாலர். சித்தப்பா முறையில் நாலைந்து செல்லை மாற்றி இரண்டு மூன்று ஆண்டு தள்ளினாலே, அடுத்து வாங்கும் பாட்டரி மலிவாகும்.

புதிய வண்டி வாங்குவதே சரி என்ற நிலையும் உண்டு. மும்பைக் கடற்காற்றில் அடித்தட்டு அரித்துப்போன வண்டிக்குப் புதுப் பாட்டரி போடுவது வீண். 2019 சூலைக்கு முன் விற்ற சிறு கார்கள் பலவற்றில் ஓட்டுநருக்குக் காற்றுப்பைகூடக் கிடையாது. அதில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நான் பாட்டரிக் கணக்கைச் சொல்லமாட்டேன். வேலை மாறித் தினமும் குருகிராமம் தாண்டிப் போக வேண்டியவருக்கும் அப்படியே. அழகு போதவில்லை, பக்கத்து வீட்டார் புதிது வாங்கிவிட்டார் என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்குப் பதில் தேவையுமில்லை.

2022-இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், செத்த பாட்டரியைத் திரும்பப் பெற்று அதிலுள்ள உலோகத்தை மீட்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. செத்த பிறகு என்ன என்பதற்கு விதி கண்டவர்கள், சாகுமுன் வைத்தியம் பார்க்கவும் வழி காண வேண்டும். மாற்றுப் பாட்டரிக்கும் வரி ஐந்தாகட்டும். விற்ற வண்டிக்குக் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் பாட்டரியும் அதன் உட்கட்டுகளும் தரவேண்டும் என்று கட்டளையிடட்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்சாரக் கார்ப் பாட்டரிக்கும் அதன் சரித்திரத்தைச் சொல்லும் மின்னணுக் கடவுச்சீட்டு ஒன்று இருந்தாக வேண்டும். செல்களின் நலத்தைப் படிக்கும் சாவி அதுபோல இங்கும் வண்டிக்காரர் கையில் இருக்கட்டும். கம்பெனிப் பணிமனையில் மட்டும் பூட்டிக் கிடக்க வேண்டாம். புதிய காரை விற்கும் கடையிலே, காரின் விலைக்குப் பக்கத்தில், அதன் மாற்றுப் பாட்டரியின் விலையையும் அதே அளவு எழுத்தில் எழுதித் தொங்கவிடட்டும்.