வேலை இங்கே... ஓட்டு எங்கே?



எனக்கு இந்த வருஷம் பதினெட்டு முடிந்தது. அப்பா, அம்மா இரண்டு பேருமே பட்டாசு ஆலைக்குப் போறவங்க. எங்க வீட்டில் ஒரு அரசாங்கப் படிவத்தை யார் உதவியும் இல்லாமல் முதலில் பூர்த்தி செய்தவன் நான்தான். அது படிவம் 6. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்ப்பதற்கானது.

அதில் முகவரி எழுதும்போது ஒரு யோசனை வந்தது. எங்க அண்ணன் ஆறு வருஷமா திருப்பூர் பனியன் கம்பெனியில். ஓட்டு மட்டும் சிவகாசியில். 2024 தேர்தலுக்கு அவன் வரலை. எங்க தெருவில் வாடகைக்கு இருக்கும் பீகார் அண்ணன்மார் வேலை பார்ப்பது இங்கே அச்சகத்தில், ஓட்டோ பீகாரில். ஓட்டு இல்லாதவன் தெருவுக்கு யார் வந்து குழாய் போடுவாங்க?

1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் என்ன சொல்லுது? சாதாரணமாக எங்கே வசிக்கிறாயோ அங்கேதான் ஓட்டு. சொந்த வீடு இருக்கு என்பது மட்டும் போதாது. இரண்டு இடத்தில் பேர் இருக்கவும் கூடாது.

"வடக்கத்திக்காரனுக்கு இங்கே எதுக்கு ஓட்டு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ஐயா, மும்பையில் நம்ம ஜனம் ஓட்டுப் போடலையா? அங்கே சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் மூன்று முறை ஜெயித்தவர் தமிழ்ச்செல்வன் என்ற தமிழர். அங்கே நமக்கு நியாயம் என்றால் இங்கே அவர்களுக்கும் நியாயம்தானே?

அமெரிக்காவைப் பாருங்கள். லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களில் பாதிக்கும் மேல் கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா என்ற மூன்றே மாநிலங்களில் இருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பியும் குடியுரிமை இல்லாததால் அவர்களில் பலருக்கு ஓட்டு இல்லை. நம்ம தொழிலாளிக்குக் குடியுரிமை இருக்கு. இருந்தும், ஓட்டு ஒரு ஊரில், உடம்பு ஒரு ஊரில்!

இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்ட முன்வந்தது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காகக் காத்திருந்தால் அண்ணனுக்கு நரை விழுந்துவிடும்!

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? 1967-ல் நம்ம விருதுநகரில் பெருந்தலைவர் காமராஜரே தோற்றது வெறும் 1,285 ஓட்டில். ஜெயித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அன்றைக்கு ஓட்டு வயது 21. அது 18 ஆனது 1989-ல். நமக்குக் கிடைத்ததை நாம் வீணாக்கலாமா?

விடுதி நண்பர்களே! சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ, ஏதாவது ஒரு இடத்தில் பேர் சேருங்கள். அப்புறம் பக்கத்துத் தெரு அண்ணன்மாருக்கும் ஒரு படிவம் எழுதிக் கொடுங்கள். எங்க அண்ணனுக்குத் திருப்பூர் முகவரிக்கு மாற்ற படிவம் 8 எழுதிட்டேன். தீபாவளிக்கு வந்ததும் கையெழுத்துதான் பாக்கி.

நாம் படித்த படிப்பு, முதலில் இதுக்காவது உதவட்டுமே!