ரிமோட் போனால் ரெக்கார்டர் ஊமை

டி.வி. ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், செட்டாப் பாக்ஸுக்கும் பழைய ஸ்பீக்கருக்கும் நடுவே, வெள்ளி நிறப் பெட்டி ஒன்று இன்னும் சில வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. டி.வி.டி. ரெக்கார்டர். பிளேயர் இல்லை, ரெக்கார்டர். 1999 டிசம்பரில் பயோனியர் நிறுவனம் ஜப்பானில் முதல் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக் கடைகளில் இது பெரிதாகப் புழங்கவில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த மாமாவின் பெட்டியில்தான் பல வீடுகளுக்கு வந்து இறங்கியது. சீரியலைப் பதிவு செய்யலாம், கிரிக்கெட்டைப் பதிவு செய்யலாம் என்று வாங்கினாலும், அது செய்த உருப்படியான வேலை வேறு. பரணில் கிடந்த கல்யாண கேசட், காதுகுத்து கேசட் எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தது.

திருச்சியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் அப்படிப் பதினோரு டிஸ்க்குகள் ஏற்றி, ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மூல கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட, வீடு மாறும்போது தூக்கிப் போட்டாயிற்று. விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான்.

“தாத்தா, இதுல ஒண்ணுமே இல்ல. காலி டிஸ்க்னு காட்டுது.”

“காலியா? உங்க பாட்டி அதுல பாடுறாடா!”

இருவர் சொன்னதும் சரிதான். அந்தப் பெட்டியிலேயே போட்டு முன்பக்க பிளே பட்டனை அழுத்தினால் பாட்டி பாடினார். மற்ற எந்த மெஷினுக்கும் அது காலி டிஸ்க். காரணம், டிஸ்க் ‘ஃபைனலைஸ்’ செய்யப்படவில்லை.

டி.வி.டி. ஆர் வகை டிஸ்க்கில் படமும் ஒலியும் பதிவாகிவிட்டாலும், எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அதை எழுதி மூடும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். பொருளடக்கம் அச்சடிக்காத புத்தகத்தைப் போல, எழுதிய ரெக்கார்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு வெள்ளைத் தாள். வேறு கம்பெனி ரெக்கார்டரில் போட்டாலும் பெரும்பாலும் ஏற்காது. இந்த நிலையில் உள்ள டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால், சிலசமயம் ‘இதில் எழுதட்டுமா?’ என்றுகூடக் கேட்கும். அங்கே ஓகே அழுத்திவிடக் கூடாது.

சரி, ஃபைனலைஸ் செய்துவிடலாமே என்றால், அந்த வசதி மெனுவுக்குள் இருக்கிறது. மெனுவைத் திறக்க ரிமோட் வேண்டும். பெரும்பாலான மாடல்களில் பெட்டியின் முன்பக்கத்தில் பவர், தட்டு திறக்க, பிளே, ஸ்டாப், பதிவு என்று நாலைந்து பட்டன்கள்தான். அம்புக்குறி கிடையாது, மெனு கிடையாது. தாத்தா வீட்டு ரிமோட்டில் பேட்டரி கசிந்து வருடக்கணக்காகிவிட்டது. பேட்டரி ஸ்பிரிங்கில் மட்டும் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம். பல ரிமோட்டுகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். இது போர்டு வரைக்கும் அரித்துப்போன கேஸ்.

ரிமோட் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டி, பட்டனை அழுத்தினால் ஊதா கலந்த வெளிச்சம் துடிப்பது திரையில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அது. சில போன்களின் பின் கேமரா அதை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில் பார்த்தால் தெரியும். எந்த பட்டனுக்கும் துடிப்பே இல்லையென்றால் வேறு ரிமோட் தேட வேண்டியதுதான்.

சென்னைக்காரர்கள் நேராக ரிச்சி தெருவுக்குப் போய்விடுவார்கள். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது முக்கியம். ‘வெள்ளிக் கலர்ல பெருசா இருக்கும்’ என்று சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார், பாவம். அதே மாடலுக்கான ரிமோட் கிடைத்தால் கதை அங்கேயே முடிந்தது. கிடைக்காதபோதுதான் யுனிவர்சல் ரிமோட்.

இதில் இரண்டு ஜாதி. ஒன்று, கற்றுக்கொள்ளும் ரிமோட். பழைய ரிமோட்டை இதற்கு நேர் எதிரே சில சென்டிமீட்டர் தள்ளி வைத்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-ல் வெளியிட்ட ‘கோர்’ ரிமோட்கூட இந்த வகைதான். பழைய ரிமோட் உயிரோடு இருக்கும்போது இதைப் போல வசதி வேறில்லை. இறந்த பிறகு வாங்கினால் ஆசிரியர் இல்லாத மாணவன். பேரன் ஆன்லைனில் முதலில் ஆர்டர் செய்தது இதைத்தான்.

இரண்டாவது வகையில் பல கம்பெனிகளின் கோடுகள் உள்ளேயே பதிந்திருக்கும். செட்-அப் பட்டனைச் சிவப்பு விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்து, எந்த சாதனம் என்று தேர்வு செய்து, கூட வந்த தாளில் அந்தக் கம்பெனிக்கு நேரே உள்ள எண்ணைப் போட வேண்டும். ஒரே கம்பெனிக்கு ஏழெட்டு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தாளே தொலைந்துவிட்டால் தானாகத் தேடும் வசதி உண்டு: ரெக்கார்டரை ஆன் செய்து வைத்து, ரிமோட்டைத் தேடல் முறையில் விட்டால், அது ஒவ்வொரு கோடாக அனுப்பும். பெட்டி அணைந்ததும் நிறுத்திச் சேமிக்க வேண்டும்.

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுவார்கள். பவர் வேலை செய்கிறது, ஒலி வைத்துக் கொண்டாடிவிட்டு மெனுவை அழுத்தினால் அசைவே இருக்காது. ரிமோட் அனுப்பும் செய்தியை ஒரு தபாலாக நினைத்துக்கொள்ளலாம். அதில் கதவு எண் ஒன்று, உள்ளே எழுதிய கட்டளை ஒன்று. தபால் எந்த வேகத்தில் துடிக்கிறது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிலிப்ஸின் ஆர்.சி.-5 முறை 36 கிலோஹெர்ட்ஸ், பலரும் பயன்படுத்தும் என்.இ.சி. முறை 38, சோனி 40. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குக் கதவு எண்ணும் பவர் கட்டளையும் ஒன்றாக இருந்து, மெனு கட்டளை மட்டும் வேறாக இருக்கலாம். அதனால் பவர் அணைந்ததோடு நிறுத்தாமல் பிளே, ஸ்டாப், அம்புக்குறிகள், ஓகே, மெனு அத்தனையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கோடை நம்ப வேண்டும். மெனு வரவில்லையா, அடுத்த எண்.

தாத்தாவும் பேரனும் ஒரு மதியம் முழுக்க டி.வி.டி. பட்டியலை முடித்தார்கள். பவருக்கு மூன்று எண்கள் கேட்டன, மெனுவுக்கு ஒன்றுகூட இல்லை.

“வி.சி.ஆர்னு ஒரு பட்டியல் இருக்கே, அதையும் போட்டுப் பாருடா.”

“அது கேசட் மெஷினுக்கு தாத்தா.”

“இதுவும் பதிவு பண்ற மெஷின்தானே?”

தாத்தா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல யுனிவர்சல் ரிமோட்டுகள் ரெக்கார்டரை டி.வி.டி. பிளேயர்களோடு சேர்ப்பதில்லை, தனிப் பட்டியலிலோ வி.சி.ஆர். பட்டியலிலோ வைத்திருக்கும். ஆறாவது எண்ணில் மெனு திறந்தது.

எல்லா எண்ணையும் போட்டும் பெட்டி திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இன்னொரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. ஒரே வீட்டில் அதே கம்பெனியின் இரண்டு மெஷின்கள் ஒன்றின் கட்டளையை இன்னொன்று கேட்டுவிடாமல் இருக்க, பானசோனிக், பயோனியர் ரெக்கார்டர்களில் ரிமோட் கோட் 1, 2, 3 என்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. யாரோ எப்போதோ 2 என்று மாற்றி வைத்திருந்தால், 1-க்கான கட்டளையை அந்தப் பெட்டி மதிக்காது. பானசோனிக் பெட்டியின் திரையில் அப்போது ‘டி.வி.டி. 2’ என்று எழுத்து மின்னும். ரிப்பேர் என்று நினைத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் அதைக் கவனிக்கலாம்.

போனிலேயே ரிமோட் வசதி உள்ளவர்களுக்குச் செலவே இல்லை. சியோமி, ரெட்மி, போக்கோ போன்களில் பலவற்றின் மேல் விளிம்பில் கறுப்பாக ஒரு சிறு புள்ளி இருக்கும். அதுதான் அகச்சிவப்பு விளக்கு. ரிமோட் ஆப்பில் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் அது பட்டன்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லும். பதிவு பட்டன் மட்டும் ஜாக்கிரதை. டிஸ்க் உள்ளே இருக்கும்போது விளையாட்டாக அதை அழுத்தக் கூடாது. தேடும் வேலையெல்லாம் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியில் செய்வதே நல்லது.

மெனு திறந்த பிறகு, டிஸ்க்கைப் போட்டு, டிஸ்க் நிர்வாகம், டிஸ்க் செட்-அப் என்பதுபோல ஒரு பகுதிக்குள் போனால் ஃபைனலைஸ் இருக்கும். பக்கத்திலேயே ஃபார்மட் என்று ஒன்றும் சில டிஸ்க்குகளுக்குக் காட்டும். மறுபடி எழுதக்கூடிய டிஸ்க்கில் அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய இடம் இது. டி.வி.டி. ஆர் டிஸ்க்கை ஒருமுறை ஃபைனலைஸ் செய்தால் மேற்கொண்டு எதுவும் பதிய முடியாது. டி.வி.டி. ராம் டிஸ்க்குக்கு இந்த வேலையே தேவையில்லை. முடிய சில நிமிடங்களிலிருந்து கால் மணி நேரம்வரை ஆகும். அதற்குள் கரண்ட் போனால் டிஸ்க் கெட்டுப்போகலாம் என்பதால் திருச்சி வீட்டில் பெட்டியை யு.பி.எஸ்.ஸில் மாட்டினார்கள்.

பதினோன்றில் பத்து முடிந்தது. ஒன்றில் கீறல், பெட்டி பாதியில் திணறி வெளியே தள்ளிவிட்டது. இப்படிப்பட்ட டிஸ்க்குகளை ஐஸோபஸ்டர் போன்ற மென்பொருள் சில கம்ப்யூட்டர் டிரைவ்களில் அட்டவணை இல்லாமலே படித்து எடுக்கும். அதற்காக அந்த ஒன்று தனி உறையில் பேரனோடு பெங்களூருக்குப் போயிருக்கிறது. மற்ற பத்தும் லேப்டாப்பில் ஏறி, ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பென் டிரைவ் ஒன்றிலும் இருக்கின்றன.

சில யுனிவர்சல் ரிமோட்டுகள் பேட்டரி மாற்றும்போது போட்ட கோடை மறந்துவிடும். வேலை செய்த அந்த எண்ணை, வி.சி.ஆர். என்ற சொல்லோடு சேர்த்து, சின்னத் தாளில் எழுதி பேட்டரி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார் தாத்தா.