பாறைவீழ்ச்சியும் நிலப்படமும்

வருமுன் காத்தல் அறிவுடையார் கடன் என்பது யாவரும் ஒப்புவதே. ஆயினும், வருவது யாது, எவ்விடத்து வரும் என அறியாதார் தம்மைக் காத்துக்கொள்வது எங்ஙனம்?

மலைநாடுகளில் வாழ்வார்க்கு நேரும் இடுக்கண்களுள் பாறைவீழ்ச்சியும் ஒன்று. பாறையின் பிளவுகளில் தேங்கிய நீர், உறையுங்கால் பருத்து ஆப்புப்போல் நெருக்குகின்றது. பன்னெடுங்காலம் அசையாதிருந்த கல் ஒருநாள் நொடிப்பொழுதில் இறங்கிவிடுகின்றது. அதனைத் தடுத்தல் பெரும்பாலும் அரிது. அது வரும் வழியினின்று விலகி வாழ்தல் எளிது. அவ்வழியைக் காட்டுவதே இடர்ப்படம். அப்படம் அறிஞர்தம் பேழையுள் உறங்காது, நிலத்தைப் பயன்படுத்தும் முறைக்குச் சட்டமாதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

சுவிட்சர்லாந்து நாட்டு வரலாறு இதற்குச் சான்று பகரும். 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் எல்ம் என்னும் சிற்றூரில் மலை இடிந்து வீழ்ந்து, 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். பள்ளிச் சிறார் எழுதும் கற்பலகை முதலியவற்றிற்காக மலையின் அடியை அளவின்றி அகழ்ந்தமையே அதற்குக் காரணம். மேலே வெடிப்புகள் தோன்றியதை ஊரார் கண்டிருந்தும், தீங்கு எத்துணைத் தொலைவு பரவும் என உணர்த்தும் படம் அவர்பால் இல்லை. 1991இல் ராண்டா என்னும் ஊரின் அருகே ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் பாறை இருமுறையாகச் சரிந்து, ஆற்றை அடைத்து, சாலையையும் இருப்புப்பாதையையும் புதைத்தது. அவ்வாண்டிலேயே அந்நாடு இயற்றிய சட்டங்கள், இடர்ப்படம் வரைந்து நிலத்தைத் திட்டமிடும் கடமையைக் கன்டோன் எனப்படும் மாநிலங்கள்மேல் வைத்தன.

படம் வரைவோர் குன்றின் பிளவுகளை ஆராய்வர். புல்வெளியிற் கிடக்கும் பழங்கற்களையும், மரங்களிற் பட்ட வடுக்களையும், ஊர்ப் பழம்பதிவுகளையும் நோக்குவர். கல் உருளும் வழியையும் அதன் ஆற்றலையும் கணக்கிடுவர். 300 கிலோஜூலுக்கு மிக்க ஆற்றல் கடுமையானதெனக் கொள்ளப்படும். 1,000 கிலோகிராம் எடையுள்ள கல் மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவில் மோதின் அவ்வாற்றல் உண்டாகும். ஆற்றலையும், வீழ்ச்சி எத்தனை ஆண்டுக்கொருமுறை நேரக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணி, நிலத்திற்கு நிறமிடுவர். சிவப்பு நிலத்திற் புதுவீடு கட்டலாகாது. நீல நிலத்திற் காப்பமைத்துக் கட்டலாம். மஞ்சள் நிலத்தார்க்கு எச்சரிக்கை உண்டு.

'சிவப்பு நிறமிட்டால் நிலத்தின் விலை வீழுமே. ஏழையின் ஒரே உடைமை பாழாகுமே' என்பார் உளர். அவர் துயரை நாம் எளிதென எண்ணோம். 2014இல் வெக்கிஸ் என்னும் ஊரில் பாறைக்கு அஞ்சி ஐந்து வீட்டார் தம் இல்லம் விட்டு நீங்க நேர்ந்தது. எனினும், இடர் படத்தால் வந்ததன்று. முன்பே இருந்ததனைப் படம் காட்டிற்று. உண்மையை மறைத்தால் நிலத்தின் விலை நிற்கும், உயிர் நிற்குமோ? பொதுநலங் கருதி நிலத்தை முடக்கும் அரசு, அவ்விழப்பில் தானும் பங்குகொள்ளுதலே முறை.

படம் முற்றறிவு உடையதன்று என்பதும் மெய்யே. 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், பாறை பொழிந்து நெருக்கிய பனியாறு சரிந்து பிளாட்டன் என்னும் ஊரைப் புதைத்தது. மலையை இடைவிடாது நோக்கியிருந்தமையால் ஏறத்தாழ 300 மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். ஆதலின், மலை மாறுந்தோறும் படமும் திருத்தப்படல் வேண்டும். கண்காணிப்பும் அதனோடு கூடல் வேண்டும்.

இடர்ப்படம் ஊர்மக்கள் தம் மொழியிற் படித்துணரத் தக்கதாய் ஊர்மன்றத்தில் தொங்குக. மனை விற்போனும் வாங்குவோனும் அதனைக் கண்ட பின்னரே கையொப்பமிடுக. வீழ்ந்தபின் கல்லை அகற்றச் செலவிடும் பொருளிற் சிறு பகுதியை, வீழுமுன் அதன் வழியை அறியச் செலவிடுதல் அரசுக்கு அறமும் ஆகும், சிக்கனமும் ஆகும்.