நடுவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

வெளிவந்த திரைப்படங்களிலிருந்தும் தொலைக்காட்சித் தொடர்களிலிருந்தும் காட்சிகளை வெட்டியெடுத்து, வேறோர் இசையோடு கோத்து, புதிய பொருள் தரும் காணொலியாக்குவது உலகெங்கும் இளைஞர்களை ஈர்த்துள்ள கலை. இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1975-இல் அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் படவில்லைகளைப் பாடலோடு இணைத்து ரசிகர் மாநாட்டில் திரையிட்டார். 1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற இளைஞர் இரண்டு விசிஆர் கருவிகளை இணைத்து, ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றின் வன்முறைக் காட்சிகளுக்கு, அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் பாடலைப் பின்னணியாக்கினார். இன்று லாஸ் ஏஞ்சலீஸின் 'அனிமே எக்ஸ்போ' போன்ற மாநாடுகளில் இத்தகைய காணொலிகளுக்குப் போட்டிகளும் விருதுகளும் உள்ளன.

விளையாட்டான விருதுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இதன் பொருளாதாரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். மூலக் காட்சியும் இசையும் பிறருக்குச் சொந்தம் என்பதால் இப்படைப்புகளை விற்க இயலாது. டிவிடியின் பூட்டைத் திறந்து சிறு பகுதிகளை எடுத்தாள 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலக்கு அளித்தபோதும், வணிக நோக்கம் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஆகவே, பல வார உழைப்புக்கு இங்கே கிடைக்கும் ஒரே கூலி மதிப்புதான். தீர்ப்பில் நேர்மை இல்லையெனில் அந்தக் கூலியும் பறிபோகிறது. அமைப்பின் மீது நம்பிக்கை இழப்பவர் குரல் கொடுப்பார் அல்லது வெளியேறுவார் என்று 1970-இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதினார். ஊதியமற்ற பணியில் வெளியேறுவது எளிது. வெளியேறியவர் ஏன் போனார் என்பதுகூடப் பிறருக்குத் தெரியாது.

நடுவர்களே வேண்டாம், பார்வையாளர்கள் வாக்களிக்கட்டும் என்பது ஒரு தீர்வு. ஆனால், படத்தொகுப்பின் நேர்த்தியைவிடப் பாடலின் புகழும் தொகுப்பாளரைப் பின்தொடர்வோரின் எண்ணிக்கையும் அங்கே வென்றுவிடக்கூடும். அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதுகளில் 2015-இல் ஒரு சிறு குழு ஒரே பட்டியலைப் பின்பற்றி வாக்களித்துப் பரிந்துரை இடங்களைக் கைப்பற்றியது. இறுதிச் சுற்றில் வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்றே தீர்ப்பளித்தனர். பரிந்துரைகளை எண்ணும் முறையையே பின்னர் மாற்ற வேண்டியதாயிற்று.

வல்லுநர் குழு இதற்கு மாற்றாகுமா? யூரோவிஷன் இசைப் போட்டியில் 2022-இல் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் அளித்த வாக்குகளில் முறைகேடான போக்கு தென்பட்டதால் அவை ஒதுக்கப்பட்டன. தலைகளின் எண்ணிக்கை கூடினால் தீர்ப்பின் தரம் கூடும் என்று 1785-இல் கொந்தோர்செ நிறுவினார். ஆனால், ஒவ்வொருவரும் சரியாக முடிவெடுக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஒருவர் முடிவு மற்றவரைச் சாராததாக இருக்க வேண்டும். ரசிகர் வட்டத்தில் இந்த இரண்டாம் நிபந்தனைதான் உடைகிறது. சென்ற ஆண்டு வென்றவர் இவ்வாண்டு நடுவர். இவ்வாண்டின் நடுவர் அடுத்த ஆண்டின் போட்டியாளர். பெயரை மறைத்தாலும், பழகிய கண்களுக்கு வெட்டும் பாணியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நண்பர்கள் மூவர் நடுவர்களாக இருக்கும் இடத்தில் அவர்களின் நண்பர்கள் மேலும் நால்வரைச் சேர்ப்பதால் நியாயம் பெருகிவிடாது.

நடுவரின் பெயரை மறைப்பதும் தீர்வல்ல. 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்கு நடன ஊழலுக்குப் பின், நெருக்கடியிலிருந்து நடுவர்களைக் காப்பதாகக் கூறி, யார் எந்த மதிப்பெண் அளித்தார் என்பது மறைக்கப்பட்டது. பொருளியலாளர் எரிக் சிட்ஸ்விட்ஸ் ஆராய்ந்தபோது, சொந்த நாட்டினர்மீதான சார்பு அதன்பின் குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது. 2016-இல் அந்த மறைப்பு முறை கைவிடப்பட்டது.

எனவே, நல்ல மனிதர்களைத் தேடுவதைவிட நல்ல விதிகளை வகுப்பதே அறிவுடைமை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு இதை அறிந்திருந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியங்களில் இருந்தோர் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றோர். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவர் ஒரு சிறுவர். நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே அந்த வாய்ப்பு இருந்தது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், தேர்வு செய்பவரின் விருப்பத்தைத் தேர்விலிருந்து அகற்றிய அந்தச் சிந்தனை இன்றும் பயன்படும்.

காணொலி விருதுகளுக்கும் இது பொருந்தும். தகுதியுள்ளோர் பட்டியலை முன்னரே வெளியிட்டு, அதிலிருந்து குலுக்கல் முறையில் நடுவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு முறை நடுவராக இருந்தவருக்குச் சில ஆண்டுகள் இடைவெளி அளிக்கலாம். ஒவ்வொரு நடுவரும் அளித்த மதிப்பெண்ணை முடிவுக்குப் பின் வெளியிடலாம்.

சிறிய வட்டத்தில் இத்தனை விதிகள் வைத்தால் நடுவராக யார் வருவார் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. அனைவரும் அனைவரையும் அறிந்த இடத்தில் உறவுடையோரை முற்றிலும் விலக்கினால் எவரும் மிஞ்சமாட்டார். அதனால், தன்னோடு இணைந்து பணியாற்றியவரின் படைப்புக்கு மட்டும் ஒரு நடுவர் மதிப்பெண் அளிக்காமல் விலகி நிற்கலாம்; அந்த விலகலை அறிவிக்கவும் செய்யலாம். இதற்குப் பணமோ கூடுதல் ஆட்களோ தேவையில்லை.

பொது நியாயம் என்பது எப்படி இயங்கும் என்பதை இளைஞர் பலர் முதன்முதலில் காண்பது நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ அல்ல. இத்தகைய சிறு போட்டிகளில்தான். அங்கே 'ஆள் தெரிந்தால்தான் பரிசு' என்று கற்றுக்கொள்பவர், அந்தப் பாடத்தை வேலைக்கும் வாக்குச்சாவடிக்கும் எடுத்துச் செல்வார். போட்டி நடத்துவோர் நுழைவுப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நடுவர் தேர்வு விதிகளை அச்சிடட்டும். படைப்பை அனுப்புவதா வேண்டாமா என்பதை அதைப் படித்த பின் போட்டியாளர் முடிவு செய்யட்டும்.